ஆறாம் படுக்கையின் அட்டை

ரெய்னோ காங்கஸுக்கு மதியம் இரண்டு மணி வரைதான் கெடு. அப்படி யாரும் வாய்விட்டுச் சொல்லிவிடவில்லை. இரண்டு மணிக்குக் குடும்பத்தாரோடு உட்கார்ந்து கொஞ்சம் பேசலாம் என்றுதான் டாக்டர் விட்ஃபர்ட் சொன்னார். ஆனால் தாழ்வாரத்தின் கோடியில், மேஜைமேல் எப்போதும் ஒரு டிஷ்யூ பெட்டி காத்திருக்கும் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து பேசுவது என்றால் என்ன பேச்சு என்று மருத்துவமனையில் தரை துடைக்கிறவர்களுக்குக்கூடத் தெரியும்.

லோர்னா பெர்டூச்சி காலை ஏழு மணிக்கு டியூட்டி மாற வந்தபோது, இரவு நர்ஸ் இதைச் சொல்லித்தான் ஆறாம் படுக்கையை ஒப்படைத்தாள். மூன்று நாள் விடுப்பு முடிந்து லோர்னாவுக்கு அது இரண்டாவது நாள். ரெய்னோ வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. இஷ்பெமிங் பக்கம் இரும்புச் சுரங்கத்தில் முப்பத்தைந்து வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தெட்டு வயது. படுக்கையின் இரண்டு விளிம்பையும் தொடுகிற தோள். இரண்டு நுரையீரலிலும் நிமோனியா கண்டு, கிருமி ரத்தத்தில் இறங்கி, பி.பி. சரிந்து, தொண்டையில் குழாயும் பக்கத்தில் வென்டிலேட்டருமாகக் கிடந்தார். தூக்க மருந்து அவரை எங்கோ ஆழத்தில் பிடித்து வைத்திருந்தது.

தலைமாட்டு மானிட்டரில் ஒரு சிவப்புக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. இடது மணிக்கட்டின் தமனிக்குள் செருகிய மெல்லிய குழாயிலிருந்து வருகிற கோடு அது. இதயம் ஒவ்வொரு முறை ரத்தத்தைத் தள்ளும்போதும் ஒரு சின்னக் குன்று எழும்பி இறங்கும். பக்கத்திலேயே அழுத்தத்தின் சராசரி எண்ணாக நிற்கும். அந்த எண் அறுபத்தைந்துக்குக் கீழே போனால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போதாது என்பது ஐ.சி.யூ.வின் பாலபாடம். போகிறதென்றால் பம்பில் ஓடுகிற மருந்தைக் கூட்ட வேண்டும். மருந்து ரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்றிவிடும். ஐந்து நாளாக ஆறாம் படுக்கையில் நடந்த வேலையெல்லாம் இதுதான். ஐந்தில் தொடங்கிய மருந்தின் அளவு முப்பதுக்கு வந்துவிட்டது. நேற்று இரண்டாவது மருந்தையும் சேர்த்தார்கள். இன்றைக்குக் காலை எண் ஐம்பத்தெட்டு. இனிமேல் ஏற்றுவதற்கு இடமில்லை என்றார் டாக்டர்.

ஆனால் லோர்னாவுக்கு மனது ஒட்டவில்லை. ஆறு வருடத்தில் அவள் எத்தனையோ பேரை வழியனுப்பியிருக்கிறாள். பி.பி. மூழ்குகிற உடம்பில் முதலில் நிற்பது மூத்திரம். இந்த மனிதருக்கோ விடிந்ததிலிருந்து பையை இரண்டு முறை காலி செய்தாயிற்று. ரத்தம் போதாத உடம்பில் சேர்கிற அமிலம் இவருக்கு நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. காய்ச்சல் போய்விட்டது. எக்ஸ்-ரேயில் நுரையீரலின் வெள்ளைத் திட்டுகள் கறுத்துக்கொண்டு வந்தன, அதாவது சளி வடிந்து காற்று நிரம்பிக்கொண்டு வந்தது. அதுவும் நல்ல செய்திதான். காலையில் டாக்டர் எக்கோ பார்த்துவிட்டு, இதயம் குதிரை மாதிரி ஓடுகிறது, குழாய்கள்தான் தளர்ந்துபோய்விட்டன என்றார். உடம்பில் எல்லாமே பிழைக்கிறேன் என்கிறது, ஒரு எண் மட்டும் சாகிறேன் என்கிறது. லோர்னா இதைச் சொன்னபோது டாக்டர் மறுக்கவில்லை. சில பேருக்குச் சிறுநீரகம் கடைசிவரை முரண்டு பிடிக்கும் என்றார். அவரும் சரியாகத் தூங்கி நான்கு நாள் ஆகியிருந்தது.

எல்மி காங்கஸ் கணவரின் இடது பக்கம், பம்புகளுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு நாற்காலியில் ஐந்து நாளாக உட்கார்ந்திருந்தாள். பொடிசான பெண். நரைத்த முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருந்தாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் என்பதால் அவள் குரலுக்கு ஐம்பது பிள்ளைகளை அடக்குகிற வலு இருந்தது. அதை இந்த ஐந்து நாளாக அவள் எடுக்கவே இல்லை. ரெய்னோவின் இடது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கை சில்லென்று இருக்கிறது, சூடே ஏறமாட்டேன் என்கிறது என்று அவ்வப்போது சொல்வாள். அந்த மருந்துக்கு அப்படித்தான், விரலெல்லாம் குளிர்ந்துவிடும் என்று ஒவ்வொரு நர்ஸும் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். லோர்னாவும் நேற்று சொன்னாள்.

மகள் மிரியா, கிரீன் பே நகரத்திலிருந்து பனியில் காரோட்டி வந்துகொண்டிருந்தாள். பாஸ்டர் ஹார்யுவும் இரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பது மணி வாக்கில் எல்மி தலை நிமிராமலேயே, மருந்தை நிறுத்தினால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். சில பேருக்குச் சில நிமிஷம், சில பேருக்கு ஒரு மணி நேரம் என்று லோர்னா உண்மையைச் சொன்னாள். எல்மி தலையை ஆட்டிக்கொண்டாள். பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்துத் தெரிந்துகொண்டவள் மாதிரி.

பத்து மணிக்கு லோர்னா ரெய்னோவுக்கு உடம்பு துடைக்க வெந்நீர் கொண்டுவந்தாள். வழக்கமாக இதற்கு ஓர் உதவியாளர் கூட நிற்பார். நர்ஸ் இடது பக்கம் பம்பையும் குழாயையும் பார்த்துக்கொள்ள, அவர் வலது பக்கம் துடைத்துவிடுவார். ஆனால் மான் வேட்டை தொடங்கி அன்றைக்கு மூன்றாம் நாள். பாதி ஊர் காட்டில் இருந்தது. உதவியாளர்கள் இரண்டு பேரும் துப்பாக்கியும் ஆரஞ்சுத் தொப்பியுமாகப் போய்விட்டார்கள். ஆகவே லோர்னா தானே வென்டிலேட்டரைச் சற்று நகர்த்திவிட்டு, அதற்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து, முதல்முறையாக அந்த மனிதரின் வலது பக்கம் வந்து நின்றாள்.

வலது கையைத் தூக்கி ஈரத் துணியால் துடைத்தாள். தோள், முழங்கை, மணிக்கட்டு. பிறகு துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

கை கதகதப்பாக இருந்தது. நகத்துக்கடியில் நல்ல ரோஜா நிறம். மணிக்கட்டில் அவள் விரலுக்குக் கீழே நாடி துள்ளியது. தேட வேண்டிய நாடியே இல்லை. அதுவே விரலைத் தள்ளியது. துணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து, எல்மியிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லி அந்தக் கையைத் தொட்டாள். வெளுத்த நகம். சில்லிட்ட விரல். முழங்கை மடிப்பில் நாடி இருந்தது, ஆனால் அடுத்த அறையில் யாரோ மெல்லத் தட்டுகிற மாதிரி.

மருந்து விரலைக் குளிர வைக்கும், சரி. ஆனால் மருந்துக்கு வலது இடது தெரியாதே.

அவள் நிமிர்ந்து தலைமாட்டுச் சுவரைப் பார்த்தாள். கொக்கியில் ஓர் இளஞ்சிவப்பு அட்டை தொங்கியது, பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டு: வலது கையில் பி.பி. பார்க்கக் கூடாது, ஊசி குத்தக் கூடாது. நேற்றிலிருந்து அதைப் பத்து முறையாவது பார்த்திருப்பாள். டியூட்டி மாறும்போது இரவு நர்ஸ் சொன்னதும் நினைவிருந்தது: வலது கை கூடாது. ஏன் என்று அவளும் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை.

"எல்மி, இவருக்கு வலது கையில என்ன ஆபரேஷன் ஆச்சு?" என்றாள்.

"ஆபரேஷனா? ஒண்ணும் ஆகலையே."

"அடி கிடி பட்டதா? ரத்தம் உறைஞ்சதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"அந்தக் கையிலதான் மனுஷன் கோடாலி பிடிப்பார். அதுக்கு இன்னிக்கு வரைக்கும் ஒரு குறையும் வந்ததில்ல." எல்மி அட்டையை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன், அது நீங்க மாட்டினதுதானே? என்னமோ காரணம் இருக்கும்னு நான் அந்தக் கையத் தொடக்கூட இல்ல, பொண்ணே. தொட்டா ஏதாவது ஆயிடுமோன்னு. அஞ்சு நாளா இந்தப் பக்கத்தோட சரி."

லோர்னா வெளியே வந்து கணினி முன்னால் உட்கார்ந்து பின்னோக்கிப் புரட்டினாள். நேற்று: வலது கை தவிர்க்கவும். முந்தாநாள்: வலது கை தவிர்க்கவும். ஒவ்வொரு குறிப்பும் முந்தின குறிப்பைப் பார்த்து எழுதியது. காரணம் எதிலும் இல்லை. கடைசியில் அவசரப் பிரிவின் தாள் வந்தது. அங்கே அவருக்கு வலது கையில்தான் பட்டை கட்டிப் பி.பி. பார்த்திருக்கிறார்கள். வந்தபோது எண்பது. சலைன் ஏற்றியபின், மாடிக்கு அனுப்பும்போது நூற்றுப் பத்து. அரை மணி கழித்து ஆறாம் படுக்கையில், இடது கையில், எழுபது. வரும் வழியில் சரிந்துவிட்டது என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

அன்றைய பொறுப்பு நர்ஸ் டெல்ஃபின். ஐம்பத்தைந்து வயது, இந்த ஐ.சி.யூ.வில் இருபத்தெட்டு வருடம். லோர்னா சொன்னதைக் கேட்டுவிட்டு, காரணம் இல்லாமல் யாரும் அட்டை மாட்டமாட்டார்கள், டாக்டரைக் கேட்காமல் அந்தக் கையில் பட்டை கட்டிவிடாதே என்றுதான் முதலில் சொன்னாள். அதுவும் நியாயம்தான். பிறகு அறைக்குள் வந்து அட்டையைக் கொக்கியிலிருந்து எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் மசிப் பேனாவில் ஒரு பெயரின் முதலெழுத்தும் போன வாரத் தேதியும் இருந்தன.

டெல்ஃபின் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள்.

"இது என் எழுத்து," என்றாள் பிறகு, மிகவும் மெதுவாக. "இவருக்கு முன்னாடி இதே படுக்கையில ஒரு அம்மா இருந்தாங்களே, வலது மார்பு எடுத்தவங்க, அந்தப் பக்கக் கைய இறுக்கினா வீங்கிடும். அவங்களுக்காக நான் மாட்டினேன். அவங்க நல்லாகிக் கீழ வார்டுக்குப் போயிட்டாங்க. அட்டை போகல."

படுக்கையைக் கழுவினார்கள், மெத்தை உறையை மாற்றினார்கள், சுவரைத் துடைத்தார்கள். அட்டையையும் எடுத்துத் துடைத்துத் திரும்பவும் மாட்டினார்கள். அவ்வளவுதான் நடந்தது.

லோர்னா பட்டையை எடுத்து ரெய்னோவின் வலது மேல்கையில் கட்டினாள். ஒட்டுப் பட்டையை இரண்டு தடவை பிரித்து ஒட்ட வேண்டியிருந்தது. மோட்டார் முனகிக்கொண்டே காற்றை ஏற்றியது. ஏற்றிக்கொண்டே போனது. பிறகு மூச்சுவிட்டு மூச்சுவிட்டு இறங்கியது.

நூற்றுத் தொண்ணூற்று நாலுக்குத் தொண்ணூற்றாறு. சராசரி நூற்று இருபத்தொன்பது.

அதற்கு மேலேயே சிவப்பு எழுத்தில் இடது கையின் ஐம்பத்தெட்டு நின்றுகொண்டிருந்தது. ஒரே மனிதர், ஒரே நேரம்.

விட்ஃபர்ட் ஓடிவந்தார். பட்டை சின்னதாக இருக்கும், அதனால் கூட்டிக் காட்டுகிறது என்றார். டெல்ஃபின் பெரிய பட்டை கொண்டுவந்தாள். நூற்றுத் தொண்ணூறு. தொடையில் கட்டிப் பார்த்தார்கள். நூற்று எண்பத்தெட்டு. அப்புறம் அவர் படுக்கைமேல் குனிந்து, இரண்டு கையாலும் ரெய்னோவின் இரண்டு மணிக்கட்டையும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். எல்மி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நாளில் அந்த மனிதர் ரெய்னோவை இவ்வளவு நேரம் தொட்டு அவள் பார்த்ததில்லை.

கண்ணைத் திறந்தபோது அவர் முகம் வேறு ஒருவருடைய முகமாக இருந்தது. இரண்டாவது மருந்தை உடனே நிறுத்து, முதல் மருந்தைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு படியாக இறக்கு, வலது மணிக்கட்டில் புதுக் குழாய் போடுகிறேன் என்று மளமளவென்று சொன்னார். பிறகு எல்மியின் எதிரே முட்டி போட்ட மாதிரி குந்திக்கொண்டார். அந்த அறையில் வேறு நாற்காலி இல்லை.

மார்பிலிருந்து இடது கைக்குப் போகும் ரத்தக் குழாய் ரெய்னோவுக்குப் பல வருடமாகவே பாதி அடைத்திருக்க வேண்டும், பாதி திருகி மூடின தண்ணீர்க் குழாய் மாதிரி, என்றார். அந்தக் கையில் அழுத்தம் எப்போதுமே குறைவுதான். நாங்கள் அந்தக் கையை மட்டுமே பார்த்துக்கொண்டு, அழுத்தம் இல்லை, இல்லை என்று மருந்தை ஏற்றிக்கொண்டே போனோம். உடம்பின் மற்ற இடத்தில் தேவைக்கு மேலேயே இருந்திருக்கிறது. அவருடைய நோய் இரண்டு நாள் முன்னாலேயே இறங்க ஆரம்பித்துவிட்டது. நாங்கள்தான் பார்க்கவில்லை. நான்தான் பார்க்கவில்லை.

டெல்ஃபினும் ஒதுங்கி நிற்கவில்லை. அட்டை யாருடையது, எப்படித் தங்கிப்போனது என்று ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

எல்மி எழுந்தாள். பம்புகளைச் சுற்றி, கால்மாட்டைச் சுற்றி, வென்டிலேட்டருக்குப் பின்னால் ஒருக்களித்து நுழைந்து வலது பக்கம் போனாள். ரெய்னோவின் வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தாள். "சூடா இருக்கு," என்றாள். அப்புறம் அந்தப் பேருந்துக் குரல் வந்தது, பாதி அழுகையாக: "சூடா இருக்குடா பாவி, இத்தனை நாளா சூடாத்தான் இருந்திருக்க."

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் சொன்னாள். கூரைக்கு வர்ணம் அடிக்கும்போது இடது கையை உயரத் தூக்கினால் தலை சுற்றுகிறது என்பாராம். விறகு அடுக்கினால் அந்தக் கை மரத்துப்போகிறது என்பாராம். "நாப்பத்தாறு வருஷமா அதுக்குச் சோம்பேறிக் கைன்னு பேரு வெச்சிருக்கோம். பேரப் பிள்ளைங்க கூட அப்படித்தான் கூப்பிடும். ஒரு டாக்டர்கிட்டயும் சொல்லித் தொலைச்சதில்ல. கேட்டா, வேலைக்கு டிமிக்கி குடுக்கறதுக்கு ஒரு கையாவது வேணுமில்லன்னு சிரிப்பார்."

விட்ஃபர்ட் சிரித்துவிட்டார். சிரித்ததற்காக மன்னிப்பும் கேட்டார்.

ஆனால் எல்லாம் முடிந்துவிடவில்லை. தாழ்வாரத்தில் லோர்னாவை நிறுத்தி அவர் இன்னொன்றைச் சொன்னார். இரண்டு நாளுக்கு மேலாக இந்த மனிதரின் மூளை இருநூறை ஒட்டிய அழுத்தத்தைத் தாங்கியிருக்கிறது. உள்ளே ஏதாவது கசிந்திருக்கிறதா என்று அவர் விழித்தால்தான் தெரியும். தூக்க மருந்தையும் நிறுத்திவிடு. விழிக்கிறாரா, நம்மைத் தெரிகிறதா, கை கால் அசைகிறதா என்று பார்ப்போம். எல்மியிடமும் நானே சொல்லிவிடுகிறேன், இன்றைக்கு இனிமேல் எதையும் மறைப்பதாக இல்லை.

ஆக, இரண்டு மணிக் கெடு போய் வேறு ஒரு காத்திருப்பு வந்தது. ஆனால் இது அந்த மாதிரி இல்லை. ஜன்னலைத் திறந்துவிட்ட அறையில் காத்திருக்கிற மாதிரி இருந்தது.

பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை லோர்னா பம்பின் பொத்தானை அழுத்தினாள். முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு. வலது மணிக்கட்டின் புதுக் குழாயிலிருந்து புதுக் கோடு ஓடியது. குன்றுகள் இப்போது மலையாக நின்றன. ஒவ்வொரு முறை மருந்தை இறக்கியதும் அவள் அங்கேயே நின்று எண்ணைப் பார்த்தாள். நூற்று எண்பது. நூற்று அறுபத்தைந்து. நூற்று ஐம்பது. ஆறு வருடமாக எண் இறங்கினால் பதறியே பழகியவளுக்கு, இறங்க இறங்க நெஞ்சு லேசாவது விநோதமாக இருந்தது. மிகவும் பயந்து ஏறிய மாடியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வருகிற மாதிரி, கடைசிப் படியில் தரை இருக்கும் என்று தெரிந்து.

இரண்டு மணிக்கு மிரியாவும் பாஸ்டர் ஹார்யுவும் ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். மிரியாவின் கண் வீங்கியிருந்தது. பாஸ்டர் கறுப்புக் கோட்டும் பிரார்த்தனைப் புத்தகமுமாக, எதற்கு வந்தோமோ அதற்கேற்ற முகத்தோடு வந்தார். எல்மி அவர்களைத் தாழ்வாரத்திலேயே மறித்து நடந்ததைச் சொன்னாள். மிரியா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அட்டையைப் பற்றிக் கேட்டு எழுந்து நின்று கத்தினாள்; ஒரு அட்டைக்காகவா, ஐந்து நாளா, என் அப்பாவையா என்று. கத்தட்டும் என்று டெல்ஃபின் எதிரே நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டாள். கடைசியில் அழுதது மிரியா, டிஷ்யூ நீட்டியது டெல்ஃபின்.

பாஸ்டர் மட்டும் ஒரு சங்கடத்தில் இருந்தார். காரில் ஒன்பது ஏலக்காய் ரொட்டி இருக்கிறது என்று லோர்னாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். துக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் காப்பியோடு கொடுக்கச் சபைப் பெண்கள் விடியற்காலையிலேயே சுட்டு அனுப்பிவிட்டார்களாம்.

"திருப்பிக் கொண்டுபோனா என்ன?" என்றாள் லோர்னா.

"ஆள் சாகலைன்னு ரொட்டியத் திருப்பிக் கொண்டுபோனா, அவங்க என்னைப் பொதைச்சிடுவாங்கம்மா."

ரொட்டிகள் மாடிக்கு வந்தன. டிஷ்யூ பெட்டி இருந்த அந்தச் சின்ன அறையின் மேஜையில் வெட்டி அடுக்கினார்கள். ஏலக்காய் வாசம் தாழ்வாரம் முழுக்கப் பரவி, மருந்து நெடியைக் கொஞ்ச நேரம் வெளியே நிறுத்தி வைத்தது. வேறு படுக்கைகளின் உறவுக்காரர்கள், நர்ஸுகள், எக்ஸ்-ரே எடுக்க வந்தவர் என்று எல்லாரும் ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டு போனார்கள். யாருடைய துக்கத்துக்குச் சுட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. எல்மி மட்டும் தொடவில்லை. அவர் கண்ணைத் திறக்கட்டும் என்றாள்.

மூன்றரை மணிக்குப் பம்பில் எட்டு. நூற்று இருபத்தெட்டு. மிரியா கீழே போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். எல்மி வென்டிலேட்டருக்குப் பின்னாலிருந்த இடுக்கில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பொத்தானை அழுத்திவிட்டு நிமிர்ந்த லோர்னாவிடம், முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"நான் விடியக்காலையிலயே முடிவு பண்ணிட்டேன். ரெண்டு மணிக்கு அவங்க கேட்டா நிறுத்திடுங்கன்னு சொல்றதுன்னு. மிரியாகிட்டகூடச் சொல்லல. என்ன சட்டை போட்டு விடறதுன்னுகூட யோசிச்சிட்டேன்."

லோர்னா பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தைரியம் சொல்ல அவளுக்கு எத்தனையோ வார்த்தைகள் தெரியும். பயிற்சி வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவற்றை விட்டுவிட்டு முக்காலிப் பக்கம் குனிந்தாள்.

"நீங்க சரின்னு சொல்லியிருந்தா மருந்த நிறுத்தற கை என்னோடதுதான்," என்றாள். "நேத்து முழுக்க நானும் அந்த அட்டையப் பாத்துட்டுத்தான் இருந்தேன், எல்மி."

எல்மி அதை யோசித்துப் பார்த்தாள். பிறகு, "சரி, அப்ப ரெண்டு பேருமா இருக்கட்டும்," என்றாள். பாரத்தில் ஒரு பக்கத்தை இன்னொருத்தி பிடித்துக்கொண்ட மாதிரி அவள் தோள் சற்று இறங்கியது.

ஐந்து மணி ஆகும்போது வெளியே இருட்டிவிட்டது. பனி ஏரிப் பக்கமிருந்து சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் இன்னும் மெதுவாக இறக்கினாள்: பம்பில் நான்கு, பிறகு இரண்டு. ஐந்து இருபதுக்கு லோர்னா டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் வந்து கைகட்டி நின்றார். டெல்ஃபினும் வாசலில் வந்து நின்றாள். லோர்னா மருந்தை நிறுத்தினாள்.

சிவப்புக் கோட்டின் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பதினாறு. ஐந்து நிமிஷம் ஆயிற்று. நூற்றுப் பதினேழு. பத்து நிமிஷம். சராசரி எண்பத்திரண்டு, அசையாமல். ஐந்து நாளாக மருந்து பிடித்துத் தூக்கி நிறுத்தியிருப்பதாக எல்லாரும் நினைத்த உடம்பு தன் காலிலேயே நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் அவர் முகம் சுளித்தார்.

முதலில் புருவம். பிறகு தொண்டைக் குழாயைக் கடிக்கிற மாதிரி தாடை அசைந்தது. வென்டிலேட்டர் ஒரு முறை கோபித்துக் கூவியது. லோர்னா குனிந்து அவர் பெயரைச் சொன்னாள். கண் இமை துடித்தது, திறக்கவில்லை. டாக்டர் கூப்பிட்டார். மிரியா கூப்பிட்டாள். கண் திறக்கவில்லை. விட்ஃபர்டின் கழுத்து நரம்பு ஒன்று புடைத்துக்கொண்டு நிற்பதை லோர்னா பார்த்தாள்.

"எல்லாரும் என்ன கெஞ்சிக்கிட்டு," என்றாள் எல்மி. எழுந்து நின்றாள். பின்வரிசைப் பிள்ளைகளுக்குக் கேட்கிற குரலில், "ரெய்னோ, எந்திரி. வாசல்ல பனி முழங்கால் உசரம் கெடக்கு, யார் அள்றது?"

பாஸ்டர் திடுக்கிட்டு விழித்துக்கொண்டார். ரெய்னோவும் விழித்துக்கொண்டார்.

நீலக் கண்கள். கூரையைப் பார்த்தன, விளக்கைப் பார்த்தன, அலைந்து அலைந்து கடைசியில் எல்மியிடம் வந்து நின்றுவிட்டன. அவளைத் தெரிகிறதா என்று டாக்டர் கேட்கத் தேவையே இருக்கவில்லை. இருந்தாலும் கேட்டார். தலை மெல்ல அசைந்தது. வலது கையை அழுத்தச் சொன்னார். அந்தக் கையைப் பிடித்திருந்த எல்மி வலியில் உதட்டைக் கடித்தாள். கால் விரலை ஆட்டச் சொன்னார். இரண்டு காலும் போர்வைக்குள் அசைந்தன. இடது கையைத் தூக்கச் சொன்னார். அது மெதுவாக, தயங்கித் தயங்கி, படுக்கையை விட்டு நாலு விரற்கடை எழும்பியது.

"போதும், போதும்," என்றாள் எல்மி அவசரமாக. "அதை விட்டுடுங்க. அது உடம்பு சரியில்லாத கை."

மிரியா அழுதுகொண்டே சிரித்தாள். விட்ஃபர்ட் திரும்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி, நாளைக் காலையில் குழாயை எடுத்துவிடலாம், அந்தக் கையின் அடைப்பை அடுத்த மாதம் பார்ப்போம் என்று பனியிடம் சொன்னார். டெல்ஃபின் வெளியே போனாள். எல்லாப் படுக்கைக்கும் போய்ச் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது, யாருக்காக, ஏன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

அறை காலியானபின் லோர்னா பம்பின் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ரெய்னோ மறுபடி கண் மூடியிருந்தார். இந்தத் தடவை வெறும் தூக்கம். விடியக்காலை எடுத்த முடிவை அவரிடம் சொல்வீர்களா என்று அவள் கேட்கவில்லை. எல்மி தானாகவே சொன்னாள்.

"சொல்லிடுவேன். இன்னிக்கு இல்ல. குழாயெல்லாம் எடுத்து, நல்லா வாய் பேச ஆரம்பிச்சப்புறம். இல்லன்னா அவருக்குத் திருப்பித் திட்ட முடியாதே."

பிறகு அவள் தன் கையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், நேற்று மத்தியானத்திலிருந்து தான் ஒன்றுமே சாப்பிடவில்லை என்று அப்போதுதான் ஞாபகம் வந்தவள் போல. ரொட்டி ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டாள். லோர்னா போய்ப் பார்த்தாள். ஒன்பதில் ஒரு ரொட்டியின் ஓரத் துண்டு மட்டும் இருந்தது. அதையும் நர்ஸுகள் அறையில் சூடாக்கிய ஒரு கிண்ணம் சூப்பையும் கொண்டுவந்து கொடுத்தாள். எல்மி நின்றபடியே முழுவதையும் சாப்பிட்டாள். கிண்ணத்தைச் சாய்த்துக் கடைசிச் சொட்டையும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கிண்ணம் கிடைக்குமா என்றாள்.